ரூஃபஸ் பூசின தெற்குச் சுவர்

படம் எடுத்துக்கோங்க தம்பி, தடையே இல்ல. செருப்ப மட்டும் வாசல்ல விட்டுருங்க. நான்தான் எப்சிபா. எப்சிபா டீச்சர்னு கேட்டா இந்தப் புன்னைமுனையில எந்த வீட்டுலயும் கை காட்டிருவாங்க. கெமிஸ்ட்ரி எடுத்தேன். ரிட்டயர் ஆயாச்சு. இப்போ கோயில் கமிட்டிக்கு செக்ரட்டரி. வைதேகி மேடம் போன்ல சொன்னாங்க, சென்னையிலருந்து ஒருத்தர் வாராரு, பழைய கட்டடங்களப் பத்திப் படிக்காரு, சுத்திக் காட்டுங்கன்னு. காட்டுதேன். அதுக்குத்தான இருக்கேன்.

ஆனா ஒண்ணு. வந்ததும் வராததுமா "நீங்கதான இந்தக் கோயிலக் காப்பாத்துனது"ன்னீங்க பாருங்க, அது மட்டும் வேண்டாம். எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. விருது குடுத்தவங்களும் அதத்தான் சொன்னாங்க. உக்காருங்க, இந்த பெஞ்சுலயே உக்காருங்க. சொல்லுதேன்.

முதல்ல வெளிய பாத்தீங்கல்ல, கோபுரமும் கிழக்குச் சுவரும் கருப்பட்டிக் கலர்ல இருக்கே, அது பெயிண்ட் இல்ல. பூச்சோட நிறமே அதுதான். ஊருல அதுக்குப் பேரு பீப்பாய்ச் சிமெண்ட். வெள்ளக்காரப் பாதிரியார் இந்தக் கோயிலக் கட்டும்போது சீமையிலருந்து கப்பல்ல பீப்பாய் பீப்பாயா வந்துச்சாம். நாம கடையில வாங்குத மூட்டைச் சிமெண்ட் இருக்கே, அது சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் மனுஷன் அளந்து கலந்து, உருகுத சூட்டுல சுட்டு எடுக்கது. இது அப்படி இல்ல. சில எடத்துல கல்லே களிமண்ணோட சேந்து கெடக்கும். கடவுள் கலந்து வச்சது. அத அப்படியே கொறஞ்ச சூட்டுல சுட்டு, அரைச்சா இந்தச் சிமெண்ட். தண்ணி பட்ட ஒடனே இறுகும். டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள கல்லாயிரும். ஆனா கல்லானாலும் மூச்சு விடும் தம்பி. செங்கலுக்குள்ள போற ஈரத்த வெளிய விட்டுரும். உப்புக்காத்து அடிக்கிற கடக்கரையில அதான் முக்கியம்.

மூட்டைச் சிமெண்ட் மூச்சு விடாது. பழைய செங்கச் சுவர் மேல அதப் பூசுனா, மழைக்கோட்டப் போட்டுட்டு வெயில்ல நிக்க மாதிரி. உள்ளயே வேர்த்து, உள்ளயே உப்புப் பூத்து, செங்கல் பொடிஞ்சிரும். வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும். இதெல்லாம் இப்போ சொல்லுதேன். அன்னைக்கு யாருக்குத் தெரியும்? கெமிஸ்ட்ரி படிச்ச எனக்கே தெரியல.

அன்னைக்குன்னா, ரூஃபஸ் பூசுன அன்னைக்கு. இந்தா, நீங்க சாஞ்சிருக்கீங்களே, இந்தத் தெற்குச் சுவருதான்.

ரூஃபஸ் என் அக்கா மகன். அக்கா லில்லி போனப்போ அவன் ஆறாங்கிளாஸ். எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் அமையல. அடுத்த தெருதான், நானே போய் சோறு பொங்கி, தலை சீவிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கும் கையோட கூட்டிட்டுப் போவேன். என் கிளாஸ்லயே உக்காந்து படிச்சான். படிப்புல சுமாருதான். பிராக்டிகல்னா மட்டும் முதல் ஆளா வந்து நிப்பான். கை நல்ல கை. டிப்ளமா சிவில் முடிச்சு, சின்னச் சின்ன வேலையா எடுத்துச் செஞ்சான். அந்தச் சமயம்தான் இந்தப் பக்கம் பூச்சு அங்கங்க பேந்து விழுந்துச்சு. பிரதிஷ்டைப் பண்டிகை வருது, அதுக்குள்ள சரி பண்ணணும்னு கமிட்டியில பேச்சு. இவன் எந்திரிச்சு, "நான் செஞ்சு தாரேன். காணிக்கையா வச்சுக்கோங்க"ன்னுட்டான்.

செஞ்சான் தம்பி. பழசக் கொத்தி எடுத்துட்டு, மூட்டைச் சிமெண்ட் போட்டு, உள்ளயும் வெளியவும் பூசுனான். ரசமட்டம் வச்சுப் பாத்து, மணியாசுக் கட்டையால தேச்சுத் தேச்சு, கண்ணாடி மாதிரி. கமிட்டி சொன்ன சாமானத்தத்தான் போட்டான், எல்லாரும் சொன்ன மாதிரிதான் செஞ்சான். பண்டிகை அன்னைக்கு ஐயர், எங்க ஊருல பாதிரியார அப்படித்தான் சொல்லுவோம், அவனைக் கூப்பிட்டு முன்னால நிறுத்தி ஜெபம் பண்ணுனாரு. நான் கைதட்டுன தட்டுல உள்ளங்கை செவந்துட்டு.

அந்த வருஷமே மஸ்கட் போனான். காய்ச்சல்னு போன் வந்துச்சு. மூளைக்காய்ச்சல். அப்புறம் பெட்டி வந்துச்சு. இந்தக் கோயில்லதான் ஆராதனை நடந்துச்சு. பெட்டிய இந்தச் சுவரோரமாத்தான் வச்சிருந்தோம்.

அவங்க அப்பா, என் அத்தான், பேரு சாலமோன். உப்பளத்துல கங்காணியா இருந்தாவ. பேச்சு கம்மி. அக்கா போனப்பவும் அழுது நான் பாக்கல, மகன் போனப்பவும் பாக்கல. ஆனா அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வந்தா இந்தச் சுவரோரம்தான் உக்காருவாவ. முன் வரிசையில எடம் இருந்தாலும் போமாட்டாவ. எத்தன வருஷமா! புதுசா வந்த ஐயருங்ககூட அது சாலமோன் அண்ணாச்சி எடம்னு விட்டுருவாங்க.

இப்போ நடந்ததுக்கு வாரேன்.

போன வருஷம் மழை முடிஞ்சு பாத்தா, சன்னலுக்குக் கீழ சுவரு பொரிஞ்சு நிக்கி. ஓதம், அதான் ஈரம், ஆள் உயரத்துக்கு ஏறிட்டு. சுண்ணாம்பு அடிச்சாலும் ஒரு மாசம் நிக்க மாட்டேங்கு. கமிட்டியில லிவிங்ஸ்டன்னு ஒருத்தர், நல்ல மனுஷன்தான், டைல்ஸ் கடை வச்சிருக்காரு. அவரு சொல்லுதாரு, "டீச்சர், இன்னும் ஒரு கோட் சிமெண்ட் நல்லா கெட்டியாப் பூசி, இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டிருவோம். ஈரம் தெரியவே செய்யாது." எல்லாரும் சரின்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. கோபுரத்துல பூசுன பழைய பூச்சு இத்தன காலமா அசையல, பதினாறு பதினேழு வருஷத்துக்கு முந்திப் பூசுனது மட்டும் ஏன் இப்படி ஆகுதுன்னு யோசிச்சேன். கோபுரத்து ஓரத்துல ஒரு துண்டப் பேத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஆசிட்ல போட்டேன். சுண்ணாம்பு மாதிரிப் பொங்குச்சு, ஆனா கரைஞ்சு போகாம அடியில சேறு மாதிரி ஒண்ணு தங்குச்சு. களிமண்ணு. அப்போதான் இது வேற சாமானம்னு புரிஞ்சுது. என் பழைய மாணவி ஒருத்தி மூலமா, பழைய கட்டடங்களப் பழுது பாக்குத வைதேகி மேடத்தப் பிடிச்சேன்.

மேடம் வந்து, இந்தச் சுவர்ல ஒரு எடத்துல பூச்ச வெட்டிப் பாத்தாங்க. பூச்சு இரும்பு மாதிரி இருந்துச்சு. அதுக்குப் பின்னால செங்கல் ஊறுன ரஸ்க்கு மாதிரி. என் விரல விட்டேன், விரல் உள்ள போகுது தம்பி! மேடம் சொன்னாங்க, "டீச்சர், இது இப்படியே இருந்தா இன்னும் சில மழைதான். சுவரு உக்காந்துரும். இந்தப் பூச்ச முழுசா எடுக்கணும், காய விடணும், அதே மாதிரி இயற்கைச் சிமெண்ட்டக் கொண்டுவந்து பூசணும். வெளிநாட்டுல இன்னும் ஒரு சில எடத்துல அதச் சுடுதாங்க. வரவழைக்கலாம்."

கமிட்டிக்குப் புரிய வைக்கணுமே. ஆராதனை முடிஞ்சு ஹால்ல பொதுக்கூட்டம் போட்டோம். சபையே உக்காந்திருக்கு. நான் ஒரு வாளி நெறைய அந்தச் செங்கப் பொடிய அள்ளிட்டு வந்து மேசை மேல கொட்டுனேன். கொட்டிட்டுச் சொன்னேன், "இத யார் செஞ்சது தெரியுமா? என் அக்கா மகன் ரூஃபஸ் பூசுன சிமெண்ட் செஞ்சது. என் சொந்தப் பிள்ளைன்னு நான் மறைக்கல. அவன் ஆசையாத்தான் செஞ்சான். ஆனா அவன் பூசுனது இந்தக் கோயில உள்ளயிருந்து தின்னுட்டு இருக்கு. இன்னும் ஒரு கோட் அதையே பூசுனா, அடுத்த பண்டிகைக்குக் கோயில் இருக்காது."

கையத் தூக்கச் சொன்னதும் எல்லாக் கையும் மேல போச்சு, லிவிங்ஸ்டன் கையும்தான். எனக்குப் பெருமையா இருந்துச்சு தம்பி. சொந்தம்னு பாக்காம உண்மையச் சொன்னேன்ல? வேற ஒருத்தன் பூசியிருந்தா அவன் பேரச் சொல்லியிருப்பேன்ல? அப்போ நம்ம வீட்டுப் பிள்ளை பேரையும் சொல்லணும்ல? நியாயம்னா அதுதான? நீங்களே சொல்லுங்க.

அத்தான் கடைசி வரிசையில இருந்தாவ. கூட்டம் கலைஞ்சதும் மெதுவா என்கிட்ட வந்தாவ. மேசை மேல கெடந்த பொடியில கொஞ்சம் எடுத்து நுனி நாக்குல வச்சுப் பாத்தாவ. உப்பளத்து ஆளு, பாத்த ஒடனே தெரியும். துப்பிட்டுச் சொன்னாவ, "உப்புதான். நீ சொல்லதெல்லாம் சரிதான் எப்சி. எடுக்க வேண்டியதுதான்."

நான், "கோவிச்சுக்கலயே அத்தான்?"னு கேட்டேன்.

"அவன் பேரச் சொல்லாம இதச் சொல்ல முடியாதா?"

"எப்படி அத்தான்? மறைச்சா, அக்கா மகன்னு டீச்சர் மறைச்சிட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவானே."

"ம்"னாவ. குடைய எடுத்துட்டுப் போயிட்டாவ.

அடுத்த ஞாயித்துக்கெழம அவிய எடம் காலி. ஒடம்புக்கு என்னமோன்னு பாக்கப் போனா, வீடு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுல கேட்டா, காலையிலேயே பஸ் ஏறி சாலைவிளைக்குப் போயிட்டாவளாம். சாலைவிளையில ஒரு சின்னக் கோயில் இருக்கு. கூரை தகரம். அங்க ஆராதனைக்கு. அதுக்கப்புறம் வாராவாரம் அப்படித்தான். கேட்டா, "அங்க காத்து நல்லா வருது"ம்பாவ. நான் என்ன நினைச்சேன்? சுவரு இப்படி ஒடைஞ்சு கெடக்கதப் பாக்கச் சங்கடமா இருக்கும், வேலை முடிஞ்சா வந்துருவாவன்னு நினைச்சேன். வேலையில மும்முரமாயிட்டேன்.

வேலை ஆரம்பிச்சுது. சங்கரன்கோயில் பக்கமிருந்து பிச்சையான்னு ஒரு கொத்தனாரும் அவரு ஆளுங்களும் வந்தாங்க. பூச்சு லேசுல வருமா? உளி வச்சு அடிச்சா சத்தம் ஊருக்கே கேக்கும். டங்கு டங்குன்னு காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும். அத்தான் வீடு கோயிலுக்கு நேர் பின்னால. நான் மீன் கொழம்பு வச்சாக் கொஞ்சம் கொண்டு போய்க் குடுப்பேன், அது எப்பவும் உள்ள பழக்கம். ஒரு நாள் குடுத்துட்டு நிக்கும்போது கேட்டாவ, "இந்தச் சத்தம் என்னைக்கு முடியும்?"

"இன்னும் பாதிச் சுவரு இருக்கு அத்தான். ரூஃபஸு ரொம்ப கெட்டியாப் பூசிட்டான். லேசுல வர மாட்டேங்கு"ன்னேன்.

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். அவனை மெச்சுத மாதிரிதான் சொன்னேன். அத்தான் கொழம்புச் சட்டிய வாங்கி உள்ள கொண்டு வச்சாவ. திரும்பி வெளிய வரல. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு நான் வந்துட்டேன்.

கொத்தி முடிச்ச பக்கம் காஞ்சுது, மிச்சப் பக்கம் கொத்திக்கிட்டே இருந்தாங்க. வெளிநாட்டுச் சிமெண்ட் வந்துச்சு. இப்போ பீப்பாய்லயா வரும், பையிலதான் வந்துச்சு. பையத் தொறந்தா அதே கருப்பட்டித் தூள். முதல் நாள் பிச்சையா வழக்கம்போல ஒரு பாண்டுச் சட்டி நெறையக் குழைச்சாரு. யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பிப் பேசிட்டு வந்து பாத்தா, கரண்டி சாந்துல நட்டமா நிக்கி. இழுத்தா வரல! "டீச்சர், இது என்ன மாயம், பேசி முடிக்கதுக்குள்ள கல்லாயிட்டு?"ன்னு அவரு முழிக்க முழியப் பாத்து எல்லாரும் சிரிச்சோம். சட்டியோட தூக்கித்தான் போட்டோம். அப்புறம் மேடம் சொல்லிக் குடுத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குழைக்கணும், தண்ணியில ஒரு துளி சிட்ரிக் ஆசிட் கலந்தா இறுகுறது தாமதப்படும். எலுமிச்சை உப்புன்னு பலசரக்குக் கடையில விப்பாங்களே, அதேதான். நான் தராசும் குவளையும் வச்சு அளந்து அளந்து குடுத்தேன். பள்ளிக்கூட லேபுக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்துச்சு. காலையில எந்திரிச்சா எப்போடா கோயிலுக்குப் போவோம்னு இருக்கும். அந்த நாளெல்லாம் நான் சந்தோஷமா இருந்தேன் தம்பி. அதச் சொல்லத்தான் இப்போ கூச்சமா இருக்கு. ஒரு பக்கம் மகன் பூசுன சுவர அடிச்சு ஒடைக்க சத்தத்தக் கேட்டுக்கிட்டு ஒரு மனுஷன் வீட்டுக்குள்ள உக்காந்திருக்காவ. இந்தப் பக்கம் நான் சிரிச்சுக்கிட்டு அளந்து குடுக்கேன்.

கடைசியா இந்தச் சன்னலுக்குக் கீழ உள்ள பூச்சுதான் பாக்கி. பிச்சையா சத்தம் போட்டாரு, "டீச்சர், இங்க வாங்க." போய்ப் பாத்தா, சன்னல் அடியிலருந்து அஸ்திவாரம் வரைக்கும் ஒரு வெடிப்பு. பழைய வெடிப்பு, கை நுழையும். அன்னைக்குப் பழைய பூச்சு பேந்து விழுந்ததே அதனாலதான். ஆனா அந்த வெடிப்பக் குறுக்கால பிடிச்சுக்கிட்டுப் பட்டையான கல்லுக. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, செங்கல வெட்டி எடுத்துட்டு உள்ள சொருகி, சுண்ணாம்புச் சாந்து வச்சு, ஆப்பு அடிச்சு... துணியக் கிழிச்ச எடத்துல தையல் போடுவாங்கல்ல, அது மாதிரி சுவரத் தச்சிருக்கு. சுத்தியும் செங்கல் பொடிஞ்சு கெடக்கு, அந்த எடம் மட்டும் திடமா நிக்கி.

வைதேகி மேடம் மண்டி போட்டு, டார்ச் அடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. "இத யார் செஞ்சது? இது இல்லன்னா இந்தச் சன்னல் என்னைக்கோ விழுந்திருக்கும். கீழ உக்காந்திருக்கவங்க மேலதான் விழுந்திருக்கும்"னாங்க.

வேற யார் செய்வா? அவனுக்குப் பின்னால அந்தச் சுவர யாரும் தொடல. பூச்சுக்கு முந்தி பழசக் கொத்தும்போது வெடிப்பப் பாத்திருக்கான். கமிட்டியில சொன்னா பண்டிகை நின்னு போகும், ஊரே பயப்படும்னு நினைச்சானோ என்னமோ, தானே கல்லச் சொமந்துட்டு வந்து தச்சு, மேல பூசி மூடிட்டான். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. என்கிட்டகூடச் சொல்லல தம்பி.

அத்தான்கிட்டச் சொல்லணும்னு அப்படியே சேலையில மண்ணோட ஓடுனேன். காம்பவுண்ட் கேட்டு வரைக்கும் போயிட்டேன். அங்க நின்னுட்டேன். ஏன்னா ஒரு யோசனை வந்துச்சு. எல்லாருக்கும் முன்னாலதான அவனைக் குத்தம் சொன்னேன்? அப்போ எல்லாருக்கும் முன்னாலதான நல்லதும் சொல்லணும்? பிரதிஷ்டைப் பண்டிகை வருது. பேராயர் வாராரு. அன்னைக்குச் சொல்லுவோம். அந்தக் கல்லுக தெரியுத மாதிரி கொஞ்ச எடத்தப் பூசாம விட்டு, கண்ணாடி போட்டு, மேல அவன் பேரு எழுதுன ஒரு பலகை. மேடமும் "நல்ல யோசனை டீச்சர், இப்படி ஒரு சன்னல் விட்டு வைக்கது வழக்கம்தான்"னாங்க. திரும்பி வந்துட்டேன். பிச்சையாகிட்டயும் ஆளுங்ககிட்டயும் "வெளிய சொல்லாதீங்க"ன்னு கேட்டுக்கிட்டேன்.

பண்டிகை வரைக்கும் அத்தானுக்குத் தெரியாது. அத்தன நாளும் வீட்டுக்குள்ள இருந்தாவ. ஞாயித்துக்கெழம பஸ் ஏறிப் போனாவ. நான் தெருவுல பாத்தா ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே போவேன், உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன் பாருங்கங்கிற மாதிரி.

அந்த நாளெல்லாம் இப்போ யோசிக்கேன். கேட்டுலருந்து அவிய வீடு எவ்வளவு தூரம்? கூப்பிட்டாக் கேக்கும்.

பண்டிகைக்கு முந்தின நாள் போய்ச் சொன்னேன், "நாளைக்குக் கண்டிப்பா வாங்க அத்தான். நீங்க வராம முடியாது." வந்தாவ. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆராதனை முடிஞ்சு பேராயர் ஜெபம் பண்ணுனதும் நான் மைக்க வாங்குனேன். கல்லுக கெடச்ச கதைய முழுசாச் சொன்னேன். "அன்னைக்கு இதே வாயால அவன் பூசுனது கோயிலத் தின்னுச்சுன்னு சொன்னேன். இன்னைக்குச் சொல்லுதேன், இத்தன வருஷம் இந்தக் கோயிலத் தாங்குனதும் அவன் கைதான்." சொல்லும்போதே அழுதுட்டேன். சபையே எந்திரிச்சுக் கை தட்டுச்சு. லிவிங்ஸ்டன் கண்ணத் தொடைக்காரு.

அத்தான் எந்திரிச்சு, சுவருகிட்ட வந்தாவ. கண்ணாடி இன்னும் பதிக்கல, திரைதான் போட்டிருந்தோம். விலக்கிப் பாத்தாவ. குனிஞ்சு, ஒவ்வொரு கல்லாப் பாத்தாவ. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். போட்டோக்காரன் பக்கத்துல போயிட்டான். அத்தான் நிமிந்து, என்னையும் பாக்கல பேராயரையும் பாக்கல, பிச்சையாவப் பாத்துச் சொன்னாவ, "மூடிருங்க."

நான் கிட்டப் போயி, "அத்தான், எல்லாரும் பாக்கட்டும்னுதான..."

"காட்டணும்னா அவனே காட்டியிருப்பான்."

அவ்வளவுதான். மூடிட்டோம். அன்னைக்குச் சாயங்காலமே பிச்சையா கருப்பட்டிச் சாந்து குழைச்சு, குழைச்ச சூட்டுல பூசிட்டாரு. நீங்க எவ்வளவு தேடுனாலும் அந்த எடம் எதுன்னு தெரியாது. யார்கிட்டயும் சொல்லிராதீங்க தம்பி, அவியளுக்குப் பிடிக்காது. போன வாரம் மதுரையிலருந்து வந்த பிள்ளைங்ககிட்டயும் இதத்தான் சொன்னேன்.

பண்டிகைக்குச் சபைக்கே பொங்குத அசனச் சோறு ஒரு தூக்குல எடுத்துட்டு அவிய வீட்டுக்குப் போனேன். வாங்கி வச்சாவ. "இப்போ மனசு ஆறுச்சா அத்தான்? இனிமே நம்ம கோயிலுக்கு வருவியளா?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

தூக்குல இருந்த சோத்தச் சட்டியில மாத்துனாவ. அப்புறம் கேட்டாவ, "கல்லு கெடச்சதுனால அவன் நல்லவன் ஆயிட்டானா எப்சி?"

"ஐயோ, அப்படி இல்ல அத்தான்."

"கெடைக்கலன்னா?"

தம்பி, முப்பது வருஷம் பிள்ளைங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவ நான். தூக்க எடுத்துட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம், பழைய கட்டடத்தக் காப்பாத்துனதுக்கு விருது. சென்னையில பெரிய ஹால்ல விழா. கமிட்டியில எல்லாரும் வேன் பிடிச்சுப் போனோம். வைதேகி மேடம் திரையில படம் போட்டு விளக்குனாங்க. கோபுரம் வந்துச்சு, பழைய பீப்பாய்ப் பூச்சு வந்துச்சு. அப்புறம் இந்தச் சுவரு வந்துச்சு, வேலைக்கு முந்தி எடுத்த படம். சன்னலுக்குக் கீழ பொரிஞ்சு, மத்த எடம் பளபளன்னு நிக்கி. மேல பெருசா எழுதியிருந்துச்சு, "தவறான பழுதுபார்ப்பு"ன்னு. மேடத்த நான் குத்தம் சொல்லல. அவங்க யார் பேரும் சொல்லல. சுவரப் பத்தித்தான் சொன்னாங்க. எனக்கு முன்னால இருந்த ஒருத்தர் பக்கத்து ஆள்கிட்ட, "கொத்தனாருக்கு மூளை இல்ல"ன்னாரு. சிரிச்சாங்க. நான் எந்திரிச்சு, அது என் பிள்ளைன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அடுத்த படம் வந்துச்சு, எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். தட்டிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு, அத்தான் அன்னைக்குப் பொதுக்கூட்டத்துல கடைசி வரிசையில எப்படி இருந்திருப்பாவன்னு வெளங்குச்சு.

ஊருக்கு வந்த வாரம், ஞாயித்துக்கெழம காலையில குளிச்சு, சேலை கட்டி, பைபிளத் தூக்கிட்டுப் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அத்தான் நின்னுக்கிட்டு இருந்தாவ. என்னப் பாத்து, எங்கன்னு கேக்கல. பஸ் வந்துச்சு. ஏறுனாவ, பின்னாலயே நானும் ஏறுனேன். கண்டக்டர்கிட்ட "சாலைவிளை, ரெண்டு"ன்னாவ.

சாலைவிளைக் கோயில் நம்ம கோயில்ல பாதிகூட இல்ல. மூட்டைச் சிமெண்ட் சுவரு, தகரம், மேல மின்விசிறி கெடந்து கடகடன்னு சுத்துது. பொம்பளைங்க பக்கம் உக்காந்தேன். ஆராதனை முடியுத நேரம் அங்க உள்ள போதகர், சின்னப் பையன்தான், "இன்னைக்குப் புதுசா வந்திருக்கவங்க எந்திரிச்சுப் பேரு ஊரு சொல்லுங்க"ன்னாரு. எந்திரிச்சேன். "எப்சிபா. புன்னைமுனை"ன்னேன்.

"புன்னைமுனையா! விருது வாங்குன கோயில் இருக்குத ஊருல்ல? அதச் சரி பண்ணுன டீச்சர் நீங்கதானா? அந்தக் கோயில விட்டுட்டு இங்க வந்திருக்கீங்களே, சொல்லுங்க, எப்படி அதச் செஞ்சீங்க? சபையார் கேக்கட்டும்."

எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. எனக்கு இந்தக் கதை தண்ணி பட்ட பாடு. பீப்பாய், கருப்பட்டி நிறம், ஊறுன ரஸ்க்கு எல்லாம் வரிசையா நாக்குல நிக்கி. வாயத் தொறந்துட்டேன். ஆம்பளைங்க பக்கமிருந்து அத்தான் எந்திரிச்சாவ.

"என் கொழுந்தியா. என் கூட வந்திருக்கா"ன்னாவ. சொல்லிட்டு உக்காந்துட்டாவ.

நானும் உக்காந்துட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ல கூட்டம் இல்ல. பக்கத்துல உக்காந்தேன். உப்பளமெல்லாம் தாண்டி நம்ம ஊரு வளைவு வரும்போது கேட்டாவ, "மத்தியானத்துக்கு என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கல அத்தான்."

"வா. சாளை மீன் கெடக்கு. நான் வைக்கேன்."

அவிய வச்சு, அவியளே பரிமாறுனாவ. என்ன மன்னிச்சிட்டாவளான்னு நீங்க கேப்பீங்க. தெரியாது தம்பி. கேக்கத் துணிச்சல் இல்ல. கேட்டா அதுக்கும் ஒரு கேள்விதான் திரும்பி வரும். எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிட்டோம். சுவருல ரூஃபஸ் படம் மாட்டியிருக்கு. நான் அவனப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இந்த வருஷத்துலயே அன்னைக்கு ஒரு நாள்தான் பேசாம இருந்தேன்.